அதே மருந்து, வேற கொம்பெனி

கொட்டாஞ்சேனைச் சந்தியிலிருந்து கொச்சிக்கடைப் பக்கம் இறங்கும் வீதியில் ஒரு பாமசி இருக்கிறது. நேசம் அங்கே இருபத்தாறு வருடமாக நிற்கிறாள். படித்துச் சோதனை எழுதி, லைசன்ஸைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியவர் முதலாளி சிவபாதசுந்தரம்தான். ஆனால் அவர் பின்னறையில் பேப்பரை விரித்துக்கொண்டு இருப்பார். கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு உள்ளே அப்படி ஒரு மனிதர் இருப்பதே தெரியாது. சனத்துக்குக் கடை என்றால் நேசம்தான். எழுதின டொக்டரே திரும்ப வாசிக்கத் திணறுகிற கிறுக்கலை அவள் ஒரு பார்வையில் வாசித்து முடிப்பாள். யாருக்குச் சீனி, யாருக்குப் பிரஷர், யாருக்கு எந்தக் குளிசை வயிற்றை எரிக்கும் என்பதெல்லாம் அவளுக்கு விரல் நுனியில். காய்ச்சல் தடிமன் என்றால் டொக்டரிடம் போய் வரிசையில் நிற்பதை விட, நேசம் அக்காவை ஒருக்காக் கேட்பம் என்று வருகிறவர்கள்தான் கூட. அதில் அவளுக்கு உள்ளூரப் பெருமை. இல்லையென்று அவள் சொன்னால் நம்பாதீர்கள்.

டொக்டர் துண்டில் எழுதிய மருந்து தட்டில் இல்லாவிட்டால் நேசம் தடுமாறவே மாட்டாள். பக்கத்துத் தட்டிலிருந்து இன்னொரு பெட்டியை எடுத்து, கத்தரிக்கோலால் அளவாக வெட்டி, உறையில் போட்டு நீட்டுவாள். "அதே மருந்துதான் அக்கா, கொம்பெனிதான் வேற." சிங்களத்தில் கேட்டால், "பெஹெத எகமய், கொம்பெனிய விதரய் வெனஸ்" என்பாள். மருந்துத் தட்டுப்பாடு வந்த வருடத்தில் அந்த ஒரு வசனத்தை நாளுக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பாளோ, அவளுக்கே கணக்கில்லை. அது பொய்யும் இல்லை. பெரும்பாலான மருந்துகளுக்கு அது சரிதான். அதனால்தான் அந்த வசனம் அவள் வாயில் அவ்வளவு உறுதியாக ஒட்டிக்கொண்டது.

கொரோனாவுக்குப் பிறகு சனத்துக்கு எதிர்ப்புச் சக்திப் பைத்தியம் பிடித்தது. சத்துக் குளிசை, துத்தநாகக் குளிசை, இஞ்சித் தூள், பிள்ளைகளுக்கு ஆரஞ்சு நிற மருந்துப் பாணி என்று வாரி வாரிக் கொண்டுபோனார்கள். உடம்பின் எதிர்ப்பை எழுப்பிவிடுவதாகச் சொல்லும் பெட்டிகளைப் பகல் முழுக்க விற்றுவிட்டு நேசம் வீட்டுக்குப் போவாள். வீட்டில் அவளுக்கு நேர்மாறான வேலை இருந்தது. அங்கே அவள் ஒரு மனிதனின் எதிர்ப்புச் சக்தியை எழும்பவிடாமல் அமுக்கி வைத்திருந்தாள்.

அந்த மனிதன் அவளுடைய புருசன் செபஸ்தியன். துறைமுகத்தில் இறங்கும் பெட்டிகளை எண்ணிப் பதியும் டலி கிளார்க். பிரஷர் சத்தமில்லாமல் அவனுடைய இரண்டு சிறுநீரகத்தையும் தின்று முடித்தபோது அவனுக்கு நாற்பத்தொன்பது வயது. கிழமைக்கு மூன்று தரம் மெசினில் படுத்து இரத்தம் சுத்தப்படுத்தினான். கறுத்து, வற்றி, ஒரு மிடறு தண்ணீருக்கும் அளவு பார்க்கிற நிலைக்கு வந்தான். நேசத்தின் இரத்தம் பொருந்தும் என்று தெரிந்த அன்று அவள் யாரையும் கேட்கவில்லை. பிரான்சில் இருக்கிற தங்கச்சி கொன்ஸ்ரன்ஸ் ஃபோனில் அழுததையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தன்னுடைய இடது சிறுநீரகத்தை எடுத்துக் கொடுத்தாள். நாலு வருடத்துக்கு முந்திய கதை அது.

அதற்குப் பிறகு செபஸ்தியனுக்கு நிறம் திரும்பியது, குரல் திரும்பியது, பகிடியும் திரும்பியது. மாங்காய் அச்சாறைத் திரும்பிப் பார்க்காத மனிதன் அதைத் தேடித் தின்னத் தொடங்கினான். கேட்டால், "எனக்கெங்கை ஆசை? உன்ரை கிட்னியெல்லோ கேக்குது" என்பான். மழைக்குக் கால் உளைந்தாலும் அவளுடைய கிட்னிதான் காரணம், கோயிலில் பிரசங்கம் நீண்டு நித்திரை வந்தாலும் அவளுடைய கிட்னிதான் காரணம். அவள் முறைப்பாள். ஆனால் அவன் ஒவ்வொரு தரமும் அப்படிச் சொல்லும்போது அவளுக்கு உள்ளே குளிர்ந்து போகும்.

ஒப்பரேஷனுக்குப் பிறகு கிளினிக்கில் டொக்டர் அருந்ததி அவனுக்கு விளங்குகிற பாஷையில் எடுத்துச் சொன்னாள். உடம்பும் ஒரு துறைமுகம்தான், வாசலில் காவல்காரர் நிற்கிறார்கள், பாஸ் இல்லாத எதையும் உள்ளே விடமாட்டார்கள். இந்தச் சிறுநீரகத்துக்குப் பாஸ் இல்லை. அது பெண்சாதி தந்தது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியாது. கண்ட இடத்தில் அடிப்பார்கள். அதனால் மருந்தால் அவர்களை அரைத் தூக்கத்தில் வைக்க வேண்டும். தூக்கம் கூடினால் கிருமி திருட்டுத்தனமாய் உள்ளே வரும். தூக்கம் குறைந்தால் எழும்பிச் சிறுநீரகத்தை அடிப்பார்கள். பகல், இரவு இருபத்துநாலு மணித்தியாலமும் இரத்தத்தில் மருந்தின் அளவு ஒரே சீராய் நிற்க வேண்டும் என்று அவள் இரண்டு தரம் சொன்னாள். செபஸ்தியன் தலையாட்டினான். நேசம் எழுதிக்கொண்டாள்.

மற்றக் குளிசைகள் காலையும் மாலையும். ஆனால் காவல்காரரைத் தூங்கவைக்கிற முக்கியமான மருந்து காலை எட்டு மணிக்கு மட்டும். ஒவ்வொன்றும் ஒரு மில்லிகிராம், நாலு கப்சூல். நேசம் அதை அவனுடைய உள்ளங்கையில் வைப்பாள். அவன் பார்க்காமலே வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பான். நாலு வருடத்தில் ஒரு நாளும் அவன் அதைப் பார்த்ததில்லை, எட்டு மணி ஒரு நாளும் எட்டேகாலானதில்லை.

வீட்டை அவள் கண்ணுக்குள் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். தும்முகிறவனுக்கு வாசலோடு கும்பிடு. கொதிக்காத தண்ணீர் இல்லை, வெட்டி வைத்த பழம் இல்லை. தெருவெல்லாம் காய்ச்சல் பரவிய ஒரு மாதத்தில் பக்கத்து வீட்டு ஸீனத், செபஸ்தியன் அண்ணனுக்குத் தெம்பு வரட்டும் என்று மூலிகைக் கசாயம் காய்ச்சிப் போத்தலில் கொண்டுவந்தாள். நல்ல மனுசி. நேசம் சிரித்த முகத்தோடு வாங்கி, அவள் படியிறங்கியதும் சாக்கடைக் கானில் ஊற்றினாள். தெம்பு வந்தால் காவல்காரருக்கும் வந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். பிறத்தியார் கையால் வந்தது எதையும் அவள் நம்பியதில்லை. பாழாய்ப் போனது சொந்தத் தங்கச்சியின் கையால் வந்தது.

இந்த வருடம் சித்திரை கழிய ஆஸ்பத்திரியில் அந்த மருந்து முடிந்துபோனது. இரண்டு கிழமைக்கு மட்டும் தந்து, மிச்சத்துக்குப் பிறகு வாங்கோ என்றார்கள். பிறகு போனால் இன்னும் ஒரு கிழமைக்குத் தந்தார்கள். நேசம் தனக்குத் தெரிந்த பாமசிக்காரர் எல்லாருக்கும் ஃபோன் அடித்தாள். வெள்ளவத்தை, நுகேகொடை, களனி, ஒரு இடத்திலும் இல்லை. வைகாசி கடைசியில் வீட்டில் ஐந்து நாளைக்கு மட்டும் மருந்து இருந்தது. ஊருக்கெல்லாம் மருந்து கொடுக்கிறவள் தன் புருசனுக்கு மருந்தில்லாமல் நின்றாள்.

கொன்ஸ்ரன்ஸ்தான் வழி பண்ணினாள். பாரிசில் அவளுடைய சிநேகிதி ஒருத்தியின் மனுசன் இதே மருந்து குடித்தவன். மாசியில் செத்துப்போனான். அலுமாரியில் ஆறு பெட்டி உடைக்காமல் கிடக்கிறதாம். செத்தவன் மிச்சம் விட்ட மருந்து என்று கேட்டதும் நேசத்துக்கு ஒரு கணம் மனம் கூசியது. பிறகு, மருந்துக்கு என்ன தெரியும் என்று தேற்றிக்கொண்டாள். அந்தோனியார் பெருநாளுக்கு வருகிற ஒரு குடும்பத்திடம் கொன்ஸ்ரன்ஸ் பெட்டிகளைக் கொடுத்துவிட்டாள். சொக்லேட்டுக்கும் சவுக்காரத்துக்கும் நடுவில் அவை வந்து சேர்ந்தன.

நேசம் பெட்டியைக் கையில் எடுத்தாள். மருந்தின் பெயர் அதே பெயர். பக்கத்தில் ஒரு மில்லிகிராம் என்ற இலக்கம். திகதி இன்னும் ஒரு வருடம் இருந்தது. மிச்சமெல்லாம் பிரெஞ்சு. கப்சூலின் நிறம் மட்டும் வேறு. ஆஸ்பத்திரிப் பெட்டியில் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் இன்னொரு வரி இருக்கும். மெல்ல மெல்லக் கரைவது, நாளுக்கு ஒரு தரம் என்று இங்கிலிஷில் எழுதிய வரி. இந்தப் பெட்டியில் அந்த வரி இல்லை. இருக்கிற எழுத்தைத்தான் ஆரும் வாசிப்பார்கள், இல்லாத எழுத்தை அவள் தேடவில்லை. உள்ளே மடித்திருந்த பிரெஞ்சுத் தாள் விரித்தால் மேசை நீளத்துக்கு வந்தது. இருபது வருடம் பாரிசில் இருக்கிற கொன்ஸ்ரன்ஸிடம் அதை ஃபோனில் வாசித்துச் சொல்லச் சொல்லி அவள் கேட்கவில்லை. தாளைத் திரும்ப மடித்து, ஆடிக்கொண்டிருந்த சாப்பாட்டு மேசையின் காலுக்கு அண்டை கொடுத்தாள்.

செபஸ்தியன் மட்டும் நிறம் மாறியதைக் கண்டுபிடித்தான். நாலு வருடத்தில் அன்றைக்குத்தான் உள்ளங்கையைக் குனிந்து பார்த்தான். என்ன இது, புதுசாயிருக்கு என்றான்.

"அதே மருந்துதான்," என்றாள் நேசம். "கொம்பெனிதான் வேற."

அவன் நாலையும் விழுங்கினான்.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு அவன் பிளேன்டீக் கோப்பையைத் தூக்கியபோது அது தட்டில் கடகடவென்று அடித்தது. இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தான். மத்தியானத்தில் கை சரியாகிவிட்டது. அடுத்த நாளும் அதே நேரத்தில் கை நடுங்கியது. நேசம் பயப்பட்டாளா? இல்லை. பிரான்ஸ் மருந்தல்லவா, பவர் கூட என்று நினைத்தாள். பக்கத்து வீட்டுக்காரியிடம் பெருமையாய்ச் சொல்லவும் செய்தாள். வெளிநாட்டுப் பெட்டி என்றால் எங்களுக்கு இருக்கிற மயக்கம் லேசில் போகாது. அது பாமசிக்காரிக்கும் போகாது.

பெருநாளன்று கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் நிற்க இடமில்லை. நேசம் அவனைக் கூட்டத்துக்குள் விடாமல், முகக்கவசத்தோடு த்ரீவீலரில் உட்காரவைத்துவிட்டுத் தான் மட்டும் போய் மெழுகுதிரி ஏற்றினாள். ஒவ்வொரு செவ்வாயும் வேண்டுகிற வேண்டுதல்தான். கிட்னிக்கு ஒன்றும் வரக்கூடாது. அதை அவள் உருகி வேண்டிக்கொண்டு நின்ற நேரத்தில், காலையில் அவள் கையால் கொடுத்த மருந்து முக்காலும் வடிந்து போயிருந்தது.

ஆனி முடிவில் கிளினிக் நாள் வந்தது. அன்றைக்கு அவள் இரண்டாவது பிழையை விட்டாள். வெளியிலிருந்து மருந்து வந்தது தெரிந்தால், உங்களிடம்தான் இருக்கிறதே என்று கிளினிக்கில் பெயரை வெட்டிவிடுவார்கள் என்று பயந்தாள். மருந்து குறைவான நேரத்தில் கிளினிக் வாசலில் எல்லாரும் ஒருவருக்கொருவர் காதோடு சொல்லிக்கொண்டது அதுதான். ஒன்றும் சொல்லாதே, இருக்கிறதைக் காட்டாதே. கிழமைக்கு ஒரு தரம் கொஞ்சம் கொஞ்சமாய் ஆஸ்பத்திரி தருகிறதைத்தான் குடிக்கிறார் என்று நேசம் சின்ன டொக்டரிடம் சொன்னாள். மருந்தின் அளவை இரத்தத்தில் பார்க்கிற சோதனைக்கு அந்த மாதம் இரசாயனம் இல்லை. சாதாரண இரத்தச் சோதனையில், சிறுநீரகம் களைக்கிறதைக் காட்டுகிற கிரியட்டினின் கொஞ்சம் ஏறியிருந்தது. தண்ணீர் காணாது போல, கூடக் குடிக்கச் சொல்லுங்கோ என்று சின்ன டொக்டர் எழுதி அனுப்பினான்.

கூடக் குடித்தான். சிறுநீர் போனதுதான் குறைந்தது. ஆடி பிறந்தபோது செருப்பின் வார் பாதத்தில் பள்ளம் போட்டது. நேசம் பெருவிரலால் கணுக்காலை அழுத்தி எடுத்தாள், குழி மேலெழும்பாமல் அப்படியே நின்றது. ஆயிரம் பேரின் காலில் அந்தக் குழியைப் பார்த்து, உடனே டொக்டரிடம் ஓடுங்கோ என்று விரட்டியவள் அவள். அன்றைக்கு நிலத்தில் குந்தியிருந்து அந்தக் குழியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். செபஸ்தியன் மேலேயிருந்து கேட்டான்.

"என்ன, உன்ரை கிட்னி என்னோடை கோவமோ?"

அன்றே ஆஸ்பத்திரி வாட்டில் சேர்த்தார்கள். கிரியட்டினின் மூன்று மடங்கு. ஊசியால் சிறுநீரகத்தில் துளிச் சதை எடுத்துப் பார்த்தார்கள். மறுநாள் டொக்டர் அருந்ததி கட்டிலடியில் வந்து நின்று, உடம்பு கிட்னியை அடிக்கத் தொடங்கிவிட்டது என்றாள். ஏன் என்றுதான் விளங்கவில்லை, மருந்து ஒழுங்காய்க் குடித்தால் இப்படி நடக்கக்கூடாது, வீட்டில் குடிக்கிற பெட்டியைக் காட்டுங்கோ என்றாள். நேசத்துக்கு இனி ஒளிக்கத் தோன்றவில்லை. ஹான்ட்பாக்கைத் திறந்து எடுத்துக் கொடுத்தாள். டொக்டர் பெட்டியை முன்னும் பின்னும் திருப்பினாள்.

"இது எங்கட மருந்து இல்லையே."

"அதே மருந்துதான் டொக்டர்," நேசத்தின் வாய் தன்பாட்டில் சொன்னது. "கொம்பெனிதான் வேற."

"மருந்து அதேதான் அம்மா. ஆனா நாங்கள் தந்தது ஒரு நாள் முழுக்க மெல்ல மெல்லக் கரையிறது. இது ரெண்டு மூண்டு மணித்தியாலத்திலை பாய்ஞ்சு வந்திட்டுக் குறைஞ்சிடும். காலமை ரெண்டு, பின்னேரம் ரெண்டு எண்டு பிரிச்சுக் குடிக்க வேணும். நாலையும் ஒண்டாக் குடிச்சா பகலிலை கை நடுங்கும், இரவிலை காவல் முழிச்சிடும்." அவள் பெட்டியை மேசையில் வைத்தாள். "நாலையும் ஒண்டாக் குடுத்தது ஆர்?"

கை நடுங்கிய கோப்பை, பெருமையாய்ச் சொன்ன பேச்சு, மேசைக் காலுக்குக் கீழே மடித்துக் கிடக்கிற தாள், எல்லாம் ஒன்றாய் நேசத்தின் முன்னே வந்து நின்றன. நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் செபஸ்தியன் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டான்.

"நான்தான் டொக்டர். மனுசி பிரிச்சுப் பிரிச்சுத்தான் வைச்சவ. நான்தான் பின்னேரம் மறந்து போவன் எண்டு காலமையே எல்லாத்தையும் போட்டிட்டன்."

டொக்டர் அவனைப் பிடித்து ஏசினாள். வாட்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பெண்சாதி உடம்பைக் கிழித்து எடுத்துத் தந்ததை இப்படியா பார்க்கிறது என்று கேட்டாள். முப்பது வருடம் துறைமுகத்தில் ஒருவனிடமும் ஏச்சு வாங்காத மனிதன், குனிந்த தலை நிமிராமல் கேட்டுக்கொண்டிருந்தான். அந்த நேரத்தில் நேசம் பேசியிருக்க வேண்டும். ஒரு சொல் போதும். பாமசி நேசம் பிழைவிட்டாள் என்கிற அந்த ஒரு சொல்லை விட்டுவிட்டு, அவள் ஹான்ட்பாக்கின் வாயை மூடினாள். டொக்டர் ஏசி முடித்து அவள் பக்கம் திரும்பினாள்.

"இனி மருந்து முழுக்க உங்கட கையிலை இருக்கட்டும் அம்மா. இவரை நம்பாதேங்கோ."

நேசம் தலையாட்டினாள்.

மூன்று நாள் ஊசி மருந்து ஏற்றினார்கள். அரைத் தூக்கமெல்லாம் இல்லை, காவல்காரரை அடித்து வீழ்த்துகிற மருந்து. அந்த நாட்களில் ஒரு சின்னக் கிருமி வந்தாலும் தடுக்க உடம்பில் ஆளில்லை. செபஸ்தியனைக் கடைசி மூலைக் கட்டிலுக்கு மாற்றினார்கள். பக்கத்துக் கட்டிலில் ஒருவன் இருமும்போதெல்லாம் நேசம் எழுந்து நின்று திரைச்சீலையை இழுத்துப் பிடித்தாள். துணி எதைத் தடுக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் கை வலிக்க வலிக்கப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

காய்ச்சல் வரவில்லை. கிரியட்டினின் இறங்கியது, ஆனால் பழைய இடத்துக்கு வரவில்லை. செத்த பகுதி செத்ததுதான் என்றாள் டொக்டர் அருந்ததி. எவ்வளவு காலம் தாங்கும் என்று அடித்துச் சொல்லேலாது, ஒரு வருடமாகவும் இருக்கலாம், ஐந்தாகவும் இருக்கலாம், இன்னொரு தரம் அடி விழுந்தால் திரும்ப மெசின்தான் என்றாள். கொடுக்க நேசத்திடம் இன்னொன்று இல்லை.

செபஸ்தியனை வீட்டுக்குக் கூட்டிவந்த பிறகு நேசம் கடைக்குத் திரும்பினாள். முதல் நாளே ஒரு தாய் மகளுடைய வலிப்பு மருந்துக்குத் துண்டு கொண்டுவந்தாள். எழுதிய பெட்டி தட்டில் இல்லை. நேசம் இல்லாத நாட்களில் கவுண்டரைப் பார்த்த ஷாமிலா, இன்னொரு பெட்டியை எடுத்துக் கத்தரிக்கோலை வைத்தாள். "அதே மருந்துதான் அக்கா, கொம்பெனிதான் வேற." சொல்லும் விதம், கடைசிச் சொல்லில் தலையைச் சாய்க்கிற சாய்ப்பு, எல்லாம் நேசம் பழக்கியது. நேசம் பாய்ந்து அவளுடைய கையைப் பிடித்தாள். எழுதின டொக்டரைக் கேட்காமல் மாத்தக் கூடாது என்று அந்தத் தாயிடம் சொன்னாள். அந்தத் தாய்க்குக் கோபம். முந்தி நீங்கள்தானே எல்லாத்துக்கும் மாத்தித் தந்தனீங்கள் என்று கேட்டுவிட்டு, துண்டைப் பறித்துக்கொண்டு வீதியைக் கடந்து எதிர்ப் பாமசிக்குள் போனாள். ஐந்து நிமிடத்தில் கையில் உறையோடு வெளியே வந்தாள். நேசம் கண்ணாடிக்குள்ளால் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அடுத்த நாள் காலை எட்டு மணி. ஆஸ்பத்திரியில் திரும்பவும் மருந்து வந்திருந்தது, பெயருக்குக் கீழே அந்தச் சின்ன வரி உள்ள பெட்டி. நேசம் வரியை ஒரு தரம் வாசித்தாள். பெட்டியை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் இன்னொரு தரம் வாசித்தாள். கப்சூல் நாலையும் எண்ணி எடுத்தாள். செபஸ்தியன் வானொலிச் செய்தியைக் கேட்டபடி உள்ளங்கையை நீட்டிக்கொண்டிருந்தான். வைத்ததும் வாய்க்குக் கொண்டுபோனான். அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இஞ்சருங்கோ, பாத்திட்டுக் குடியுங்கோ. பெட்டி இந்தா இருக்கு. வாசிச்சிட்டுக் குடியுங்கோ."

அவன் பெட்டியைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தான். அந்த வாட்டில் நடந்ததைப் பற்றி இன்றுவரை அவர்கள் இருவரும் ஒரு சொல் பேசியதில்லை.

"உன்ரை கிட்னி, நீ தாற மருந்து," என்றான். "நான் ஏன் பாக்க?"

நாலையும் ஒன்றாய் விழுங்கி, தண்ணீர் குடித்து, வெறும் கையை அவளுக்கு விரித்துக் காட்டினான்.